தப்பு நோட்டு

முதல் தடவை இருபத்தேழு.
இரண்டாம் தடவை முப்பத்தொன்று.
ஜெபக்கனி கிராஃப் தாளில் இரண்டு புள்ளி வைத்து
ஸ்கேலால் கோட்டை நீட்டினாள்:
"செமஸ்டருக்கு நாலு மார்க் வேகம், ஏட்டி.
அஞ்சாவது தடவையில நாப்பத்து மூணு, பாஸ்.
அதுக்குள்ள நம்ம பேட்ச்சே வெளிய போயிரும்.
ஒனக்கு வேண்டியது முடுக்கம்."

மனப்பாடம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு.
வீரவநல்லூரில் ரயில் ஏறினால்
பேட்டை வருவதற்குள்
ஒன்பது டெரிவேஷனையும் கண்ணை மூடி ஒப்பித்துவிடுவேன்.
தேர்வில் சாய்தளத்தை
இடம் வலம் மாற்றி வரைந்திருந்தார்கள்.
அவ்வளவுதான்.
கட்டை இருந்த இடத்தில் இருந்தது,
நான் வழுக்கிக்கொண்டு போனேன்.

இந்த முறை புத்தகத்தை மூடினேன்.
கல்லிடைக்குறிச்சி அப்பளக் கம்பெனியில்
தேதி தப்பாக அச்சான லேபிள் கட்டு ஒன்றைச்
சித்தி கொண்டுவந்து போட்டாள்.
முன்பக்கம் உளுந்து, உப்பு, பெருங்காயம்.
பின்பக்கம் லேபிளுக்கு ஒரு கணக்கு.
சேரன்மகாதேவி வரை விடையைப் பார்ப்பதில்லை.
தெரியாவிட்டாலும் பார்ப்பதில்லை.
முழிப்பதும் படிப்பில் சேர்த்திதான் என்று
நம்புவதற்கே மூன்று வாரம் பிடித்தது.

சேரன்மகாதேவியில் பிரேக் பிடிக்கும்போது
கொக்கியில் தொங்கும் என் பை
முன்னால் சாய்கிறது.
இரண்டு வருடமாகச் சாய்ந்துகொண்டுதான் இருந்திருக்கிறது.
யார் தள்ளுவது?
பக்கத்து சீட்டுக்காரரை ஒரு கணம் சந்தேகப்பட்டேன்.
லேபிளில் பையை மட்டும் தனியே வரைந்தேன்,
ரயில் இல்லை, கொக்கி இல்லை, ஆள் இல்லை.
கீழ்நோக்கி ஓர் அம்பு.
வாரின் வழியே ஓர் அம்பு.
மூன்றாவது அம்புக்குப் பென்சிலைத் தூக்கி
தூக்கியபடியே இருக்க
பேட்டை வந்துவிட்டது.
அப்படி ஓர் அம்பே கிடையாது.

பேட்டையில் ஏறிய ரஹ்மத் நிஷாவிடம் சொன்னேன்.
அவளுக்கும் இதே அரியர்.
"தள்ளவே இல்லன்னா பெறகு ஏன் சாயுது?"
டவுண் ஸ்டேஷன் வரை எனக்குப் பேச்சு வரவில்லை.
மறுநாள்தான் சொன்னேன்:
ரயில் நிற்பது பைக்குத் தெரியாது.
சாய்ந்தால்தான் வார் அதைப்
பின்னால் இழுத்து நிறுத்த முடியும்.

நயினார்குளம் மார்க்கெட்டில் மூட்டை இறக்கும்
அண்ணன் பேச்சிமுத்துவுக்கு
இயற்பியலில் வேலை என்றால் என்னவென்று
விளக்கப்போய் மாட்டிக்கொண்டேன்.
"மூட்டையோட அசையாம நின்னா வேலை சைபரா?
எந்தக் கூறுகெட்ட பய எழுதுனான்?
லாரி வர லேட்டானா எனக்குக் கூலி கெடையாதா?
தோளு கடுக்கே, அது எந்தக் கணக்குல வருது?"
அன்றிரவு அந்தப் பக்கத்தை
முதல்முறையாக வாசித்தேன்.
அதற்குமுன் ஒப்பித்திருக்கிறேன், நூறு தடவை.

தப்புக்கென்று தனி நோட்டு போட்டேன்.
செப்டம்பர் நான்கு:
சைன் வர வேண்டிய இடத்தில் காஸ்.
கோணத்தைப் படத்தில் குறிக்கவே இல்லை.
ஒன்பது:
எடையை நிறை என்று நினைத்து
மறுபடியும் ஒன்பது புள்ளி எட்டால் பெருக்கினேன்.
கணக்கில் வந்த பையன் யானையாகிவிட்டான்.
பதினொன்று:
விடை சரி. எப்படி வந்ததென்று தெரியவில்லை.
தப்பு என்றே எழுதுகிறேன்.
பதினாறு:
ராத்திரி ஒன்றரை மணிக்குப் போட்ட பத்தும் தப்பு.
இனி பத்தரைக்குப் படுக்கை.

பாளையங்கோட்டையில் தேர்வு முடிந்தது.
ஆறாவது கேள்விக்கு நிஷா மைனஸ் என்றாள்,
நான் பிளஸ்.
ஜங்ஷன் பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றபடி
டிக்கெட்டின் பின்னால் வரைந்து பார்த்தோம்.
அவள்தான் சரி.
முடிவு வர நாற்பது நாளாகுமாம்.
நோட்டை எடுத்து, அவள் முதுகில் வைத்து,
தேதி போட்டேன்.

வண்ணார்பேட்டை திருப்பத்தில் டிரைவர் ஒடித்தார்.
பஸ் மொத்தமும் ஒருபக்கம் சரிந்தது.
"தள்ளாதிய, தள்ளாதிய" என்றார் கண்டக்டர்.

யாரும் தள்ளவில்லை.